மெட் அருங்காட்சியகத்தின் கிரேக்க, ரோமானியக் கூடங்கள்: ஊரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சிக்குக் குடிவந்த பிறகு, ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் மெட்டுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மெட் என்று எல்லோரும் சொல்வது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தை. அம்மா, அத்தை, சித்தப்பா, தங்கையின் பிள்ளைகள் என்று வந்தவர்கள் அங்கே நின்று கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சிலவற்றுக்கு அங்கேயே பதில் சொன்னேன். சிலவற்றுக்கு வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் சொல்ல முடிந்தது. இனி வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

எங்கே இருக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

ஐந்தாவது அவென்யூவில், 82ஆம் தெரு வந்து சேரும் இடத்தில், சென்ட்ரல் பார்க்கை ஒட்டி இருக்கிறது. அகலமான படிக்கட்டில் ஏறி உள்ளே போனால் வலது பக்கம் எகிப்து, இடது பக்கம் கிரேக்கமும் ரோமும். புதன்கிழமை விடுமுறை. வெள்ளி, சனி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். 2022 முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 30 டாலர், 65 வயதானவர்களுக்கு 22 டாலர். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. நியூயார்க் மாநிலவாசிகளும், நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தால் போதும். மாணவர் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவாருங்கள்.

இந்தக் கூடங்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எகிப்து, ஐரோப்பிய ஓவியம், இந்தியச் சிற்பம் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் மாலையில் கால் வலி மட்டும்தான் நினைவிருக்கும்.

இத்தனை பொருள்களும் எப்படி இங்கே வந்தன?

பரிசாக, விலைக்கு, அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பங்காக, சில நேரம் திருட்டுப் பொருளாகவும். திருட்டைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். அருங்காட்சியகம் தொடங்கிய 1870ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட பொருளே ஒரு ரோமானியக் கல் ஈமப்பேழைதான். இன்றைய துருக்கியிலுள்ள தார்சஸ் ஊரிலிருந்து வந்தது. சுற்றிலும் மாலை தொங்குவதுபோல் செதுக்கியிருப்பார்கள். இப்போது இந்தப் பிரிவில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. கி.மு. 4500 அளவிலான புதிய கற்காலப் பொருள்களில் தொடங்கி, பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பிய கி.பி. 312 வரை நீளும் காலம் இது.

மேலே கண்ணாடிக் கூரையும் நடுவே நீரூற்றுமாக இருக்கும் பெரிய ரோமானிய முற்றம் பல பத்தாண்டுகள் உணவகமாக இருந்தது. 2007இல்தான் அது மீண்டும் சிலைகளுக்கு வந்தது. மதிய வெயில் கூரை வழியே இறங்கும் நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏன் யாருக்கும் உடை இல்லை? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

அத்தை என் காதோடு கேட்ட முதல் கேள்வி இது. தாராளமாகக் கூட்டிப்போகலாம். பிள்ளைகள் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

கிரேக்க ஆண்கள் உடற்பயிற்சிக் களத்திலும் ஓட்டப் பந்தயத்திலும் உடையில்லாமல்தான் இறங்கினார்கள். பயிற்சியால் திரண்ட உடம்பு அவர்களுக்குப் பெருமை. அந்த உடம்போடு ஒருவனைக் காட்டினால் அவனை மதிக்கிறார்கள் என்று பொருள். கி.மு. 590-580 காலத்துக் கூரோஸ் சிலையைப் பாருங்கள். கூரோஸ் என்றால் இளைஞன். ஆறடிக்கும் மேல் உயரம், இடது கால் முன்னே, கை இரண்டும் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்தபடி. அந்த நிலையைக் கிரேக்கர்கள் எகிப்தியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எகிப்தியச் சிற்பி இடுப்பில் துணி கட்டினான், கிரேக்கன் கட்டவில்லை. கட்டடத்தின் மறுபக்கத்துக்கு நடந்துபோய் இரண்டையும் ஒப்பிடலாம்.

பெண்களுக்கு அப்படி இல்லை. நீண்ட காலம் பெண் சிலைகள் முழு உடையோடுதான் இருந்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிராக்ஸிடெலிஸ் என்ற சிற்பி, குளிக்கப்போகும் அஃப்ரோடைட்டி தேவியை உடையில்லாமல் செதுக்கினார். உடையோடு ஒன்று, உடையில்லாமல் ஒன்று என்று அவர் இரண்டு செய்ததாகவும், கோஸ் தீவினர் உடையுள்ளதை வாங்கிக்கொள்ள, அவர்கள் வேண்டாமென்றதை நைடஸ் நகரத்தார் வாங்கியதாகவும் ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அந்தச் சிலையைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கப்பலேறிப் போனார்களாம்.

ரோமானியர்கள் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு, உடம்பை வீரனுடையதாகவும் முகத்தை நிஜ மனிதனுடையதாகவும் ஆக்கினார்கள். கி.பி. 251 முதல் 253 வரை மட்டுமே ஆண்ட திரெபோனியானஸ் காலஸ் என்ற பேரரசனின் வெண்கலச் சிலை எட்டடி உயரம். அந்தப் பெரிய உடம்புக்குத் தலை சிறியது, முகத்தில் கவலை. படைகளை நம்பி ஆட்சிக்கு வந்தவன், படைகளாலேயே கொல்லப்பட்டான்.

எல்லாச் சிலைக்கும் மூக்கு உடைந்திருக்கிறதே, யாராவது உடைத்தார்களா?

சிலவற்றை வேண்டுமென்றே உடைத்தார்கள். பல, நிலநடுக்கத்திலும் கீழே விழுந்ததிலும் உடைந்தன. நீட்டிக்கொண்டிருப்பதுதான் முதலில் போகும்: மூக்கு, விரல், கை. இதைவிடப் பெரிய அழிவு சுண்ணாம்புக் காளவாயால் வந்தது. நம் ஊரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதுபோல, பளிங்கைச் சுட்டாலும் சுண்ணாம்புதான். பழைய கோயில்கள் கைவிடப்பட்ட பிறகு நூற்றாண்டுக் கணக்கில் சிலைகளைக் காளவாயில் போட்டுச் சுட்டு வீடு கட்டினார்கள். வெண்கலச் சிலைகளின் கதி இன்னும் மோசம். உருக்கினால் காசாகலாம், பாத்திரமாகலாம், ஆயுதமாகலாம். கிரேக்கர்கள் வார்த்த பெரிய வெண்கலங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு.

காலுக்குப் பக்கத்தில் ஏன் ஒரு மரக்கட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

இதைக் கேட்டவன் தங்கை மகன், ஒன்பது வயது. அவன் கண்ணில் பட்டது என் கண்ணில் அத்தனை நாள் படவில்லை.

அது அடிமரம்போல் செதுக்கிய முட்டு. வெண்கலச் சிலை ஒரு காலில் பாரத்தைப் போட்டு ஒயிலாக நிற்கும். அதற்கு முட்டு வேண்டாம். அதையே ரோமானியர்கள் பளிங்கில் பிரதி எடுத்தபோது, மேல் பாரம் தாங்காமல் கணுக்கால் உடைந்துவிடும். அதனால் காலை ஒட்டி மரமோ தூணோ செதுக்கினார்கள். பளிங்கில் முட்டைக் கண்டால், மூலம் ஒருவேளை வெண்கலமோ என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தலையில் வெற்றிப் பட்டையைக் கட்டும் இளைஞன், தியாதுமெனோஸ் என்ற சிலை, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கி.மு. 430 அளவில் பாலிகிளைட்டஸ் வெண்கலத்தில் செய்த மூலம் போய்விட்டது. மெட்டில் இருப்பது கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியப் பிரதி, அதுவும் துண்டுகளாக. இல்லாத பகுதிகளை, தீலோஸ் தீவில் கிடைத்து ஏதென்ஸில் இருக்கும் இன்னொரு பிரதியிலிருந்து அச்செடுத்த பிளாஸ்டரால் நிரப்பியிருக்கிறார்கள். எது பளிங்கு, எது பிளாஸ்டர் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சுவாமிமலைப் பக்கத்து மக்கள் கட்டாயம் கேட்பது, வெண்கலத்தை எப்படி வார்த்தார்கள் என்று. மெழுகு உருகி வெளியே போய், அந்த இடத்தில் உலோகம் இறங்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சோழர் திருமேனிகள் உள்ளும் புறமும் உலோகமாகக் கனமாக வார்த்தவை. கிரேக்கர்கள் ஆளுயரச் சிலையைத் தலை, கை, உடல் என்று தனித்தனியாக, உள்ளே மண்கருவை வைத்துக் கூடாக வார்த்து, பிறகு பொருத்தினார்கள்.

கிரேக்கச் சிலைகள் எல்லாம் வெள்ளைதானே?

இல்லை. வண்ணம் தீட்டியவை. தலைமுடி, உதடு, கண், ஆடையின் கரை எல்லாவற்றுக்கும் வண்ணம் உண்டு. மண்ணுக்குள் கிடந்ததிலும் மழை வெயிலிலும் அது உதிர்ந்தது. மிச்சமிருந்ததைப் பிற்காலத்தில் தேய்த்துக் கழுவியதும் உண்டு. வெள்ளைப் பளிங்குதான் தூய்மை, அதுதான் நாகரிகத்தின் உச்சம் என்று ஐரோப்பியர்கள் சில நூற்றாண்டுகள் நம்பியதற்கு இந்தக் கழுவிய கல்லும் ஒரு காரணம். கோபுரத்தில் வண்ணமடித்த சுதைச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வண்ணம் பூசிய தெய்வம் ஒன்றும் அதிர்ச்சியல்ல. இந்த ஒரு விஷயத்தில் பழைய கிரேக்கனின் கண்ணுக்கு நாம் பக்கத்தில் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

2022 ஜூலை முதல் 2023 மார்ச் வரை மெட்டில் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. ஆய்வு செய்து வண்ணம் தீட்டிய பிரதிகளைப் பழைய சிலைகளுக்கு நடுவில் வைத்தார்கள். கி.மு. 530 அளவிலான உயரமான கல்லறைக் கல் ஒன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஸ்பிங்ஸ், பெண் முகமும் சிங்க உடலும் இறக்கையும் உள்ளது, சிவப்பும் நீலமுமாக எழுந்து நின்றது. எகிப்திய நீலம் என்ற பழைய சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை உமிழும். அதற்கான கேமராவில் அது பளிச்சென்று தெரியும். வெறும் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் கல்லிலும் சாயம் எங்கே இருந்தது என்று இப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்.

வண்ணம் தீட்டியதற்குச் சாட்சி வேண்டுமானால் தென் இத்தாலியில் கி.மு. 360-350 காலத்தில் செய்த ஒரு மதுக் கலயத்தைத் தேடுங்கள். ஓர் ஓவியர், கிரேக்கப் புராண வீரனான ஹெராக்ளிஸின் சிலையில் சிங்கத்தோல்மேல் வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். ஒரு பையன் கணப்பில் கம்பிகளைக் காய்ச்சுகிறான்; வண்ணம் மெழுகில் குழைத்தது, சூடு வேண்டும். பக்கத்தில் நிஜ ஹெராக்ளிஸ் வந்து நின்று, தன் சிலைக்கு நடப்பதை வியப்போடு பார்க்கிறான். மொத்தக் கூடத்திலும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைக்கும் பானை இதுதான்.

இந்தக் கறுப்பு சிவப்புப் பானையும் கீழடிப் பானையும் ஒன்றா?

நிறம் மட்டும்தான் ஒன்று. நம் கருப்பு-சிவப்புப் பானையை, உட்புறத்துக்கும் வாய்ப்பகுதிக்கும் காற்றுப் படாதபடி வைத்துச் சுடுவார்கள். அந்தப் பகுதி கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்பகுதி சிவக்கும். ஏதென்ஸ் குயவர்கள் நைஸாக வடித்த களிமண் குழம்பால் பானைமேல் படம் எழுதினார்கள். சூளையில் முதலில் காற்றை விட்டார்கள், எல்லாம் சிவந்தது. பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகைப் போட்டார்கள், எல்லாம் கறுத்தது. கடைசியில் மறுபடி காற்றை விட்டபோது, குழம்பு பூசிய இடம் கண்ணாடிபோல் இறுகிவிட்டதால் கறுப்பாகவே நின்றது. பூசாத இடம் சிவப்புக்குத் திரும்பியது. ஒரே சுடலில் மூன்று கட்டம். காற்றை எப்போது விட வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்ற கைப்பக்குவம் இரண்டு ஊர்க் குயவருக்கும் பொது.

முதலில் உருவங்களைக் கறுப்பில் எழுதினார்கள். கி.மு. 530 அளவில் ஏதென்ஸில் யாரோ அதைத் திருப்பிப் போட்டார்கள்: பின்னணி கறுப்பு, உருவம் சிவப்பு. அதன் பிறகு கோடுகளைத் தூரிகையால் இழுக்க முடிந்தது, உடம்பில் தசையும் துணியில் மடிப்பும் வந்தன.

அமாசிஸ் ஓவியர் என்று இன்று அழைக்கப்படுபவர் எழுதிய ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி இருக்கிறது. பெண்கள் கம்பளி நிறுக்கிறார்கள், நூற்கிறார்கள், நின்றபடி தறி நெய்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண்மணி அதன் முன்னால் குனிந்து, பாவு தொங்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, அடியில் கட்டித் தொங்குவது எடைக்கல்தான் என்று யாரும் சொல்லாமலே சொன்னார்.

பரிசுச் சாடிகளையும் விடாதீர்கள். ஏதென்ஸ் நகரப் போட்டிகளில் வென்றவர்களுக்குச் சாடி நிறைய ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். ஒரு பக்கம் அதீனா தேவி, மறுபக்கம் அந்தப் போட்டி. ஓட்டப் பந்தயச் சாடியில் ஐந்து பேர் கையை வீசி ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

கொலோசியம் கட்டியவர்கள் வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள்?

பொஸ்கொரியாலே படுக்கையறைக்குப் போங்கள். கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பாம்பேய் நகரைப் புதைத்தபோது, அதற்குப் பக்கத்திலிருந்த பண்ணை வீடுகளும் புதைந்தன. 1900இல் அப்படி ஒரு வீட்டைத் தோண்டியெடுத்தார்கள். அதன் சுவரோவியங்களை 1903இல் மெட் விலைக்கு வாங்கி, ஓர் அறையை அப்படியே பொருத்தியது. ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டிய ஓவியம், கி.மு. 50-40 காலம். மூன்று சுவரிலும் மாடங்கள், வாசல்கள், தூண்கள், தோட்டம், பாறைக் குகை. அறை சின்னது. படுத்துக்கொண்டு பார்த்தால் சுவரே இல்லாமல் தெரு விரிவதுபோல் இருந்திருக்கும். அந்தச் சிவப்பு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் மங்கவில்லை.

இதெல்லாம் திருடிக்கொண்டு வந்ததா?

சித்தப்பா இதைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி.

1972இல் மெட் ஒரு கிரேக்க மதுக் கலயத்தை 10 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. யூஃப்ரோனியோஸ் தீட்டியது. டிராய் போரில் இறந்த சார்பெடானின் உடலை, தூக்கமும் மரணமும் இரண்டு இறக்கையுள்ள வீரர்களாக வந்து மெல்லத் தூக்குகிறார்கள். உடலிலிருந்து ரத்தம் வழிகிறது. கிரேக்கப் பானை ஓவியத்தில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஒரு குடும்பத்தின் பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று விற்றவர் சொன்னார். உண்மையில் அதற்கு முந்தைய ஆண்டுதான் ரோமுக்கு அருகே செர்வெத்தேரியில், ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் ஒரு கல்லறையைக் கள்ளத்தனமாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1995இல் ஜெனிவாவில் ஒரு வியாபாரியின் கிடங்கைச் சோதனையிட்டபோது கிடைத்த புகைப்படங்களும் தாள்களும் இந்த வியாபாரத்தின் வலையைக் காட்டிக்கொடுத்தன. 2006இல் இத்தாலியோடு உடன்பாடு ஏற்பட்டது. 2008இல் கலயம் ஊர் திரும்பியது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து போன நடராஜரின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் அதை வாங்கியது. 2014இல் திருப்பிக் கொடுத்தது. மெட்டே 2023 மார்ச்சில் 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. எங்கிருந்து தோண்டினார்கள் என்று தெரியாத பொருள் பாதி ஊமை. யாருடைய கல்லறை, கூட என்ன வைத்தார்கள், எந்தத் திசை பார்த்திருந்தது, எதையும் சொல்லாது. கள்ளத்தனமாகத் தோண்டுகிறவன் அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் அழிக்கிறான். பொருள் திரும்பி வந்தாலும் அது திரும்பாது. அதனால் கண்ணாடிப் பெட்டியருகே இருக்கும் குறிப்பின் கடைசி வரியை நான் முதலில் படிப்பேன். யார் கொடுத்தது, எந்த ஆண்டு வந்தது என்று அதில் இருக்கும்.

போலி எதுவும் உண்டா?

உண்டு. மெட் 1915க்கும் 1921க்கும் இடையில் மூன்று பிரமாண்டமான எட்ரஸ்கன் சுடுமண் வீரர் உருவங்களை வாங்கியது. கறுப்புப் பூச்சில் மாங்கனீசு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. பழங்காலத்தார் அதற்கு மாங்கனீசைப் பயன்படுத்தவில்லை. 1961இல் போலி என்று அருங்காட்சியகமே அறிவித்தது. செய்தவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தார். ஒரு வீரனின் கையில் கட்டைவிரல் இல்லை. அந்த விரலை அவர் அத்தனை ஆண்டும் பத்திரமாக வைத்திருந்தார். அது கையில் சரியாகப் பொருந்தியது.

யவனர்கள் என்று நாம் சொல்வது இவர்களைத்தானா?

ஆம். முதலில் கிரேக்கரையும் பிறகு மேற்கிலிருந்து வந்த கடல் வணிகர் எல்லோரையும் அப்படிச் சொன்னோம். மிளகு வாங்கப் பொன்னோடு வந்தார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும் மதுச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. 1898இல் புதுக்கோட்டை வட்டாரத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாக அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின்மேல் உளியால் வெட்டியிருந்தது. மெட்டில் ரோமானியப் பேரரசர்களின் பளிங்குத் தலைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெட்டுப்பட்ட காசுகள் என் நினைவுக்கு வரும்.

எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

மூன்றே மூன்று, மூன்றும் சாவைப் பற்றியவை.

முதலாவது, கி.மு. 750 அளவில் ஏதென்ஸில் கல்லறைமேல் வைத்த மூன்றரை அடி உயரப் பானை. குச்சி குச்சியாக மனிதர்கள். நடுவில் பாடையில் ஒருவர். இரு பக்கமும் பெண்கள் தலையில் கை வைத்து அழுகிறார்கள். என் அம்மா பார்த்ததும், "ஒப்பாரி" என்றார். விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இரண்டாவது, மேலே சொன்ன கூரோஸ். அவனும் ஓர் இளைஞனின் கல்லறைமேல் நின்றவன். கழுத்தில் பட்டை, தலைமுடி மணி மணியாக. சுற்றி வந்து பின்பக்கமும் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு சிறுமி. பேரோஸ் தீவில் கிடைத்த கல்லறைக் கல், கி.மு. 450-440, உயரம் 80 சென்டிமீட்டர். உயர்ந்த பளிங்கு, ஆனால் அளவில் நம் ஊர் நடுகல்லைவிடச் சிறியதாகக்கூட இருக்கும். பக்கவாட்டில் நிற்கிறாள். இடையில் கச்சில்லாத தளர்ந்த உடை பக்கத்தில் திறந்து விழுகிறது. கையில் இரண்டு புறாக்கள். ஒன்றின் அலகு அவள் உதட்டில் படுகிறது. அதற்கு முத்தம் கொடுத்து விடைபெறுகிறாள் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அவள் பெயர் கல்லில் இல்லை.

அம்மா அங்கே வெகுநேரம் நின்றார். எனக்கு மூத்தவள் ஒருத்தி நாலு வயதில் போய்விட்டாள். நான் அவளைப் பார்த்ததில்லை. "இந்தப் பிள்ளையைப் பெத்தவ இதைத் தினம் வந்து பாத்திருப்பா, இல்ல?" என்று கேட்டார். "பாத்திருப்பாம்மா" என்றேன். பக்கத்தில் பெஞ்சு இல்லை. காவலரிடம் கேட்டு, கால் வலிக்காமல் இருக்க ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன்.